மஷோ பாட்டுக்கு எந்தத் தொண்டை?

பாண்டிச்சேரியிலேர்ந்து பிரான்ஸ்ல இருக்கிற ரான்ஸுக்கு வந்து இந்த அக்டோபரோட மூணு வருஷம் ஆகுது. ஊர் பேரைப் படிச்சா ரெய்ம்ஸ்னுதான் வாய்ல வரும், ஆனா இங்க அப்படிச் சொன்னா ஒருத்தருக்கும் புரியாது, ரான்ஸ்னு மூக்கால சொல்லணும். பேருக்குத்தான் நான் பாண்டிச்சேரி, வந்தப்போ பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. முதல் குளிர்காலம் ரொம்பக் கஷ்டம், அஞ்சு மணிக்கே இருட்டிடும், அவருக்கு ஷிஃப்ட் வேலை, நான் ஜன்னலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பேன். பிரெஞ்சு கிளாஸ்ல அந்த ஒரு 'யூ' சத்தம் இருக்கே, உதட்டை 'ஊ'வுக்குக் குவிச்சுட்டு உள்ள 'ஈ' சொல்லணும், அது வர எனக்கு ஆறு மாசம் ஆச்சு.

மாடி வீட்டு மதாம்தான் என்னை வியாழக்கிழமை கொராலுக்கு, அதாவது பாட்டுக் குழுவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க எழுபது வயசுக்காரரைக் கூட எல்லாரும் 'த்யூ' போட்டு நீன்னுதான் கூப்பிடுவாங்க, எனக்கு அது இன்னும் வரல, 'வூ' போட்டு நீங்கன்னுதான் பேசுறேன். போன வருஷம் எடுத்தது கியோம் த மஷோவோட பூசைப் பாட்டு. இவர் இதே ரான்ஸ் கதீட்ரல்ல கேனன்ங்கிற பதவியில இருந்து 1377ல செத்தவர். நாலு குரல், 'ஆண்டவரே இரக்கமாயிரும்'னு தொடங்குற கீரியேலேர்ந்து கடைசி வரைக்கும் பூசை முழுக்க ஒரே ஆள் போட்டதுன்னு பேரோட நமக்குக் கிடைச்சதுல இதுதான் முதல். இந்த ஊர்க்காரங்களுக்கு அது சொந்த வீட்டுப் பாட்டு மாதிரி, அதான் அதை எந்த மாதிரி குரல்ல பாடணும்ங்கிற சண்டையும் அவ்வளவு பெரிசா வந்துச்சு.

எங்க நடத்துனருக்குக் குரல் கண்ணாடி மாதிரி இருக்கணும், நடுக்கம் இருக்கக்கூடாது, நேரா கோடு போட்ட மாதிரி. 1980கள்ல இங்கிலாந்தோட ஹில்லியர்ட் குழு பாடினதுதான் அவருக்கு அளவுகோல். ஒரு நாள் எங்க டெனர், அதாவது மேல் ஆண்குரல் பாடுறவர் ஒருத்தர், அவங்க அம்மா பிரான்ஸோட கோர்சிகா தீவுக்காரங்க, மார்செல் பெரெஸ் நடத்துற ஒர்கானும் குழு சிடியைக் கொண்டுவந்து போட்டார். அதே பாட்டு, கோர்சிகா பாடகர்களைச் சேர்த்துப் பாடினது. நெஞ்சுலேர்ந்து வர்ற கனத்த குரல், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால பின்னால குழைவு, இழுப்பு. பாதிப்பேர் முகம் சுளிச்சாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. எங்க ஆயா லத்தீன் பூசைக் காலத்துல வளர்ந்தவங்க, சோறு வடிக்கும்போது 'சாங்துஸ்' பாடுவாங்க, இப்படித்தான் இழுத்து இழுத்து. லத்தீன்னா எனக்கு அந்தக் குரல்தான்.

அதுக்காக பெரெஸ் பண்ணதுதான் அசல்னு நான் சொல்ல வரல. மஷோவுக்கும் இப்போ இருக்கிற கோர்சிகா பாட்டுக்கும் நடுவுல 600 வருஷம் கிடக்கு, ரான்ஸ்ல அப்படித்தான் பாடினாங்கன்னு யார் காட்ட முடியும். ஏட்டுல ஸ்வரம் இருக்கு, அளவு இருக்கு, தொண்டை இல்ல. ஆனா கண்ணாடிக் குரலுக்கு மட்டும் என்ன ஆதாரம், அதுவும் இங்கிலாந்துக் கல்லூரி கொயர்கள்ல நம்ம காலத்துல வளர்ந்த பழக்கம்தானே. 9ஆம் நூற்றாண்டுலயே ரோமைச் சேர்ந்த யோவான்ங்கிற திருத்தொண்டர், ஆல்ப்ஸ் பக்கத்து ஆளுங்க பாடுறது படிக்கட்டுல வண்டி உருண்டு விழுற மாதிரி இருக்குன்னு எழுதி வெச்சிருக்கார், அவ்வளவு பழைய சண்டை இது. 13ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல இருந்த ழெரோம் த மொராவிங்கிற துறவி நெஞ்சுக்குரல், தொண்டைக்குரல், தலைக்குரல்னு பிரிச்சு எழுதுறார், குரலை அசைச்சுப் பாடுற அலங்காரத்துக்கு 'பூ'ன்னே பேர் வெச்சிருக்கார். நடுக்கமே இல்லாத காலம்னா அந்தப் பூ எதுக்கு?

எனக்குப் புரியாதது இன்னொண்ணு. இதே நடத்துனர் லத்தீனை மட்டும் பழைய பிரெஞ்சு வாய்லதான் சொல்லணும்னு பிடிவாதமா இருந்தார், 'தூ சோலுஸ் சாங்துஸ்' கிடையாது, 'த்யூ சோல்யூஸ் சாங்த்யூஸ்'. நான் ஆறு மாசம் பட்டு வாங்கின அதே யூ. அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, இந்த ஊர் ஆள் இந்த ஊர் வாய்லதானே சொல்லியிருப்பார். அப்போதான் எழுந்து கேட்டேன், தப்பும் தவறுமா என் பிரெஞ்சுலயே: வாய்க்கு ஒரு ஊர், ஒரு காலம் வேணும்னா தொண்டைக்கு மட்டும் ஏன் வேணாம்? கதீட்ரல்ல மஷோ காலத்துல ஆம்பளைங்கதான் பாடினாங்க, மேல் குரலை நான் பாடுறேன், அதையும் நாமதானே முடிவு பண்ணோம், இதையும் முடிவுன்னு சொல்லிட்டே பண்ணுவோமேன்னு. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அந்த எழுபது வயசுக்காரர்தான் முதல்ல தலையாட்டினார்.

இப்போதைக்கு முதல் கீரியேல கீழ்க்குரல் ரெண்டும் அசைச்சுப் பாடிப் பார்க்கலாம், மேல்குரல் நேராவே இருக்கட்டும்னு நடத்துனர் சொல்லியிருக்கார். மிச்சத்தை வர்ற வியாழக்கிழமை பேசணும். ழெரோமோட அந்தப் பூ வர்ற பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துப் பையில வெச்சிருக்கேன்.