பழைய பஸ் வீட்டில் நான் தேடுவது துளைகளை

உள்ளேயே படுக்கை, அடுப்பு என்று வீடாக அமைந்த பழைய மோட்டார் ஹோமையோ, அப்படிப் பஸ்ஸை மாற்றிக் கட்டிய வண்டியையோ வாங்கப்போகிறவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். பணம் கைமாறும் முன் வண்டியைப் புரட்டிப் பார்த்து, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. கம்பெனியே கட்டி விற்ற மோட்டார் ஹோமும் வரும். யாரோ ஒருவர் ஓட்டம் முடிந்த பஸ் ஒன்றை வாங்கி, சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, லீவு நாட்களில் பலகை அடித்து வீடாக்கியதும் வரும். இரண்டிலும் ஒன்று மட்டும் மாறாது. கதவு திறந்ததும் வாங்குகிறவர் நேராக மெத்தையில் போய் உட்கார்ந்து பார்ப்பார், விற்கிறவர் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவார், நான் ஏணி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

வண்டியை வீடாக்குவது என்றால் அதில் துளை போடுவதுதான். கூரையில் காற்றுப்போக்கிக்கு ஒரு சதுரம், ஏசிக்கு இன்னொன்று, சோலார் பேனலைப் பிடித்துவைக்க வரிசையாக ஸ்க்ரூ, அதன் ஒயர் உள்ளே இறங்க ஒரு துளை. பக்கச் சுவரில் ஜன்னல், கேஸ் ஃப்ரிட்ஜுக்குக் காற்று போய்வர மேலும் கீழுமாகக் கிரில். தரையில் கழிவுநீர்க் குழாய், கேஸ் குழாய். பஸ்ஸாக இருந்தபோது இவற்றில் பெரும்பாலானவை இல்லை. வண்டியைச் செய்த கம்பெனிக்காரன் ஒருமுறை யோசித்து மூடி அனுப்பிய தகரத்தை, பிறகு வந்த ஒருவர் அறுத்திருக்கிறார். எப்படி அறுத்தார், அறுத்த இடத்தை எப்படி மூடினார் என்பதுதான் எனக்கு வேண்டும். மெத்தை எப்படி இருக்கிறது என்பதை வாங்குகிறவரே பார்த்துக்கொள்வார்.

கூரை ஓரங்களில் கம்பெனி வண்டி என்றால் ப்யூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் பட்டையை வைத்து, மேலே அதற்கென்றே உள்ள சீலன்ட்டை, அதாவது இடுக்கை அடைக்கும் பசையைப் போட்டிருப்பார்கள். வயதானால் அது வெடிக்கும், ஓரம் தூக்கும். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை. எனக்கு ஆகாதது, அந்த வெடிப்பின் மேலேயே குளியலறைச் சிலிகானை அப்பிவைப்பது. சிலிகான் மேல் வேறு எதுவும் ஒட்டாது, இன்னொரு சிலிகான்கூட உருப்படியாக ஒட்டாது. ஒழுகலை நிறுத்துகிறேன் என்று அடுத்து வருகிறவர் செய்யும் வேலையையும் அது கெடுத்துவிடும். மூன்று நிறத்தில் மூன்று அடுக்கு தெரிந்தால், மூன்று பேர் தோற்றிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதன் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கூரை மெத்தென்று அமுங்கினால் கீழே இருக்கும் ப்ளைவுட் ஊறிவிட்டது.

உள்ளே வந்தால் முதலில் மூக்குதான் வேலை செய்யும். ஓத வாடை வந்தால் சரி, தெரிந்துபோயிற்று. நல்ல மணம் வந்தால் இன்னும் கவனமாகப் பார்ப்பேன், ஏனென்றால் காலியாக நிற்கிற வண்டிக்குள் மூன்று மூலையிலும் வாசனைப் புட்டி தொங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒரு வண்டியில் எல்லாமே பழசு, பின்பக்க மூலையில் மட்டும் புதுச் சுவர்த்தாள். விற்கிறவர், மனைவிக்குப் பழைய டிசைன் பிடிக்கவில்லை என்றார். இருக்கலாம். ஈரமானியை வைத்தேன்; நடுச்சுவரில் 12 சதவீதம் காட்டிய கருவி, மூலைக்குப் போகப்போக ஏறி 30ஐத் தாண்டியது. கட்டிலுக்குக் கீழே இருந்த சின்னப் பலகையைக் கழற்றலாமா என்று கேட்டேன், தயங்கித் தயங்கிச் சரி என்றார். உள்ளே மரச்சட்டம் டீக்கறை நிறத்தில் இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்ததும், அழுத்தக்கூட இல்லை, பாதி உள்ளே போய்விட்டது. மூன்று பேரும் அந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே அந்த மூலைக்கு நேராக இருந்தது பின்பக்கக் கேமராவின் ஒயர் நுழையும் துளை, ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது.

ஈரமானியைப் பற்றி ஒரு வார்த்தை. 15 சதவீதத்துக்குக் கீழே என்றால் கவலையில்லை, 20க்கு மேல் போனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும், 30ஐ ஒட்டிப் போனால் மரம் ஏற்கெனவே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஊசி இல்லாத வகைக் கருவி, பின்னால் இரும்பு இருந்தாலே ஈரம் என்று கத்தும். பஸ்ஸில் சுவருக்குள் வரிசையாக இரும்புச் சட்டம்தான், அதனால் அங்கே அந்த எண்ணை மட்டும் நம்பி யாரையும் பயமுறுத்தக் கூடாது.

பஸ் என்றதும் கீழே படுத்துவிட வேண்டியதுதான். பெரிய நெடுந்தூரப் பஸ்கள் பலவற்றில் லாரிக்கு இருப்பதுபோல் தனியாக ஒரு கனமான சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது; உடல் கூடு முழுவதும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆக, சக்கர வளைவுக்கு மேலே, படிக்கட்டுக் குழிக்குள், பேட்டரிப் பெட்டியைச் சுற்றி, எஞ்சினைத் தாங்குகிற சட்டத்தில் துரு ஏறியிருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், தின்றுபோன இரும்பு மொத்தென்று சொல்லும், சில சமயம் தட்டின இடமே கையோடு வந்துவிடும். அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான். பத்து இருபது வருடம் சாலையில் ஓடிய வண்டிக்கு விற்கிற மாதத்தில் எதற்கு அடியில் மேக்கப்?

கூரையை உயர்த்திக் கட்டிய பஸ்கள் இன்னொரு கதை. தலை இடிக்கிறது என்று ஜன்னல் தூண்களை எல்லாம் குறுக்கே அறுத்து, கூரையைத் தூக்கி, நடுவில் இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். வண்டி உருண்டால் உள்ளே இருப்பவரைக் காப்பது அந்தத் தூண்கள்தான். வெல்டிங் தெரிகிறமாதிரி இருந்தால் பார்த்துச் சொல்லலாம். உள்ளே பலகை, வெளியே தகரம், நடுவில் ஃபோம் அடித்து மூடியிருந்தால் யாராலும் சொல்ல முடியாது. அப்போது நான் கேட்பது வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்களை. உழைத்துக் கட்டியவர்கள் இதை ஆசையாகக் காட்டுவார்கள், காட்டி முடிக்கவே மாட்டார்கள்.

பொதுவாகவே, கட்டியவர் எப்படிப்பட்டவர் என்பது அவர் மூடாமல் விட்ட இடங்களில் தெரியும். தண்ணீர் மோட்டாரைக் கழற்ற ஒரு சின்னக் கதவு, டேங்க் வால்வுக்குக் கை போக இடம், ஒயர் ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதி ஒட்டியது, இதெல்லாம் இருந்தால் அந்த வண்டியில் எனக்குப் பாதி நேரம் மிச்சம். எல்லாமே அழகாக ஒட்டி மூடியிருந்தால், நாளைக்கு ஒரு கிளாம்ப் கழன்றால்கூட அலமாரியை உடைக்க வேண்டும்.

காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் பிரேக்கின் சோதனைக்கு விற்கிறவரிடம் கொஞ்சம் பொறுமை கேட்க வேண்டும். பல பஸ்களில் காற்று 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வாக்கில் ஏறியதும் கம்ப்ரஸர் தானாக ஏற்றுவதை நிறுத்தும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு ஒரு நிமிடம் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்ப்பேன். 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. அப்புறம் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு இன்னொரு நிமிடம், இந்தமுறை 3க்கு மேல் கூடாது. பிறகு மிதித்து மிதித்து விட்டால் காற்று குறைந்து, 60 வாக்கில் எச்சரிக்கை விளக்கும் சத்தமும் வர வேண்டும். இன்னும் குறைந்தால் ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இந்த ஒரு நிமிடத்தில்தான் விற்கிறவர்கள் நிறையப் பேசுவார்கள், வண்டியில் போன ஊர்களைப் பற்றி, பார்த்த மலைகளைப் பற்றி. கேட்டுக்கொண்டே முள்ளைப் பார்க்கப் பழகிவிட்டேன். கடைசியாக ஏர் டேங்கின் கீழ் வால்வைத் திறந்தால் வெறும் காற்று வர வேண்டும். தண்ணீர் வந்தால் காற்றின் ஈரத்தை எடுக்கும் ட்ரையர் வேலை செய்யவில்லை, எண்ணெய்யும் கலந்து வந்தால் கம்ப்ரஸரையே சந்தேகப்பட வேண்டும்.

"ரொம்ப ஓடாத வண்டி சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது நல்ல செய்தியாகப் படுவதில்லை. நின்றே இருந்த வண்டியில் டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருடம் தாண்டினால் மாற்றும் செலவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்வேன், பத்து தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஓட்டாதீர்கள் என்பேன். பின்னால் இரட்டைச் சக்கரம் என்றால் உள்பக்க டயரையும் டார்ச் அடித்துப் படிக்க வேண்டும், பழசை அங்கேதான் போட்டிருப்பார்கள். ஜெனரேட்டரும் அப்படித்தான். மணிக்கணக்கு மீட்டரில் எண் குறைவு என்றால் சுமை கொடுத்து ஓட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள், பெட்ரோல் ஜெனரேட்டர் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கார்புரேட்டர் பிசினாக அடைத்துவிடும்.

எஞ்சினைப் பொறுத்தவரை ஒரே ஒரு கோரிக்கை: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். வந்ததும் கையை வைத்துப் பார்ப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால், ஆறிய எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்பதை யாரோ மறைக்கிறார்கள் என்று பொருள், இல்லையென்றால் வண்டியை இப்போதுதான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், அதையும் கேட்டுவிடுவேன். பழைய அமெரிக்கப் பஸ்களில் டெட்ராய்ட் டீசல் கம்பெனியின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இன்னும் கிடைக்கின்றன. சத்தத்துக்காகவே அதைக் காதலிப்பவர்கள் உண்டு. அதற்கு 40 கிரேடு ஒற்றைத் தர எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், இப்போதைய மல்டிகிரேடை ஊற்றி ஓட்டியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கொஞ்சம் எண்ணெய் சொட்டுவது அந்த இனத்தின் குணம்.

மின்சாரத்தில் நான் பார்ப்பது பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா, ஒயர் தகரத்தைத் தாண்டும் துளையில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதை. மறுபடியும் துளைதான். வண்டி அதிர அதிரத் தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்துக்கொண்டே இருக்கும். லெட் ஆசிட் பேட்டரி நிறைந்து ஓய்வில் இருந்தால் 12.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. லித்தியத்தில் இந்தக் கணக்கு செல்லாது, பாதி காலியானாலும் 13 வோல்ட்டுக்கு மேலேயே நின்று ஏமாற்றும். அதை இன்வெர்ட்டரில் கனமான சுமை போட்டு, எவ்வளவு நேரம் தாங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும். கேஸ் குழாய்களைப் பிரஷர் சோதனை செய்யாமல் நான் எழுதித் தருவதில்லை. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும்; ஆனால் கேஸ் அலாரத்தைக் கூரையில் மாட்டிய வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அலாரத்துக்கும் ஆயுள் உண்டு, பின்பக்கம் தேதி அச்சிட்டிருப்பார்கள், யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் குளிரப் பல மணி நேரம் எடுக்கும், ஆகவே முதல் நாளே போட்டுவைக்கச் சொல்லிவிட வேண்டும். பின்னால் மஞ்சள் தூள் படிந்து அமோனியா வாடை வந்தால் அது முடிந்த கதை.

சொந்தமாகக் கட்டிய பஸ்களில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று அவசர வழி. பஸ்ஸில் பின்கதவோ அவசர ஜன்னலோ கட்டாயம் இருந்திருக்கும். அதன் குறுக்கே கட்டிலைப் போட்டு, மேலே அலமாரி அடித்துவிடுவார்கள். அடுப்பு முன்கதவுப் பக்கம், படுக்கை பின்பக்கம், நடுவில் தீ என்றால் எப்படி வெளியே வருவது? விற்கிறவரையே படுக்கவைத்து, இப்போது வெளியே வாருங்கள் என்பேன். சிலர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்து, கைப்பிடி மெத்தைக்குப் பின்னால் புதைந்திருப்பதைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள்.

எடை மேடைக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு ஆக்சிலையும் (சக்கரங்களை இணைக்கும் அச்சு) தனித்தனியாக எடை போடுவது பலருக்கு அலுப்பு. டேங்கில் 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ, அதுவும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் வைத்திருந்தால் முன் சக்கரத்திலிருந்து பாரத்தைத் தூக்கும். கருங்கல் சமையல் மேடை, தரைக்கு டைல்ஸ் எல்லாம் படத்தில் அழகுதான். வண்டியின் தகட்டில் எழுதிய எடை வரம்பையும் மேடையில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

கடைசியில் காகிதம். சேசிஸில் குத்திய எண்ணும் பதிவுச் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பேன். மோட்டார் ஹோமில் சேசிஸ் ஒரு கம்பெனி, வீடு இன்னொரு கம்பெனி என்பதால் வண்டிக்கு இரண்டு வயது இருக்கலாம், விளம்பரத்தில் இளைய வயதைத்தான் போடுவார்கள். மாற்றிக் கட்டிய பஸ் இன்னும் பயணிகள் பஸ்ஸாகவே பதிவில் இருக்கிறதா, வீடாக மாற்றிப் பதிந்தாயிற்றா என்பதைப் பொறுத்து ஓட்டுநர் உரிமமும் காப்பீடும் மாறும். ஐரோப்பாவில் கார் ஓட்டுவதற்கான சாதாரண பி வகை உரிமத்துக்கு எடை வரம்பு இருப்பதுபோல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கோடு உண்டு. சில காப்பீட்டு நிறுவனங்கள் சொந்தமாகக் கட்டிய வண்டி என்றாலே கையை விரித்துவிடும். அந்த ஒரு போனை முன்பணம் கொடுக்கும் முன்பே போட்டுவிடச் சொல்வேன், பெரும்பாலானவர்கள் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுத்தான் போடுகிறார்கள்.