சோதனைப் பேப்பர்

என் விளையாட்டின் மூன்றாவது சுற்றிலேயே இரண்டு பேர் போனைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். வெற்றிலை போட வெளியே போன ஒருவர் திரும்பி வரவேயில்லை.

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரருக்கான பயிற்சி அது. மாரிகால விதைப்பான காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். கோடையில் செய்யும் சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான். எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் பிடுங்குப்படுவதை மேசையில் விளையாடிப் பார்க்கட்டும் என்று, பிறிஸ்டல் போட்டில் வாய்க்கால் கீறி, சோடா மூடிகளை வயலாக்கி, புளியங்கொட்டையைத் தண்ணீராக்கி வைத்திருந்தேன். ஒரு கிழமை நித்திரை முழித்த வேலை. முன்பு வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்த ஐயா ஒருவர் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, உது விளையாட்டோ? சோதனைப் பேப்பர் மாதிரியெல்லோ கிடக்கு."

கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எப்போது கேட்டாலும் என் விளையாட்டில் ஒரே விடைதான்: குறைத்து விதை, பகிர்ந்து கொடு. அது பிடிபட்ட பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

மத்தியானம் அதே ஐயா பாலை மர நிழலில், நிலத்தில் கோடு கீறி நாயும் புலியும் விளையாடிக்கொண்டிருந்தார். (பேரைச் சொல்லும்போது சிலருக்கு இன்னமும் குரல் தாழும். அது வேறு கதை.) புலி தாண்டி வெட்டும், நாய் சுற்றி அடைக்கும். ஒரு கல்லை நகர்த்தினால் ஒரு வழி அடைபடும், இன்னொன்று திறந்துவிடும். வேடிக்கை பார்த்தவர்கள்கூட "அங்க வையாத!" என்று கத்தினார்கள். அந்தத் தவிப்பு என் மேசையில் இல்லை.

பிறகு கொழும்புச் சிநேகிதி ஒருத்தியிடம் 'கட்டான்' என்ற பலகை விளையாட்டை இரவல் வாங்கினேன். 1995 இல் ஜெர்மனியில் வெளிவந்தது. மொனோபொலியில் முறிந்தவர் எழும்பிப் போகவேண்டியதுதான். இதில் ஒருவர் 10 புள்ளி எடுக்கும்வரை எல்லோரும் உள்ளே. அடுத்தவர் தாயக்கட்டை உருட்டும்போதும் எனக்கு விளைச்சல் வரலாம், அதனால் கண்ணை எடுக்க ஏலாது.

மழைக்கு நான் ஒரு தாயக்கட்டைதான் வைத்திருந்தேன். வரட்சி, வெள்ளம், நல்ல மழை எல்லாம் ஒரே அளவு வந்தன. குருட்டுச் சீட்டிழுப்பு. இரண்டு கட்டையாக்கினேன். 36 விழுகைகளில் 7 வர 6 வழி. 2க்கும் 12க்கும் ஒவ்வொரு வழி. 12 விழுந்தால் குளம் நிரம்பி வான் பாயும், தாழ்ந்த வயல் போய்விடும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. இனிக் கணக்குப் போடலாம், ஆனால் கணக்கை நம்பிப் படுக்க முடியாது. தண்ணீரை விதைநெல்லுக்கு மாற்றவும் விட்டேன். உண்மையில் கலகலப்பைக் கொண்டுவந்தது அந்தப் பேரம்தான்.

அடுத்த பயிற்சியில் தேத்தண்ணி ஆறிப்போனது. கடைமடைக்காரர் தலைமடைக்காரரைக் கெஞ்சினார், வெருட்டினார், கடைசியில் "உன்ர மகளின்ர கலியாணத்துக்கு வரமாட்டன்" என்றார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. தலைமடையில் இருப்பவர்தான் கூடுதலாக வெல்கிறார். ஐயாவிடம் சொன்னேன்.

"உண்மையிலயும் அப்பிடித்தானே பிள்ளை," என்றவர், தன் மூடிகளை எடுத்துக்கொண்டு தலைமடைப் பக்கக் கதிரைக்கு மாறி உட்கார்ந்தார்.