சர்க்கரை மாத்திரை இதயத்தைக் காத்தது

இதயம், சர்க்கரை, சிறுநீரகம் மூன்றையும் சேர்த்து ஆராயும் மருத்துவர்களுக்கு 2015 மறக்க முடியாத ஆண்டு. எனக்கும்தான். எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை இதயத்துக்குக் கெடுதல் செய்கிறதா என்று பார்க்கத்தான் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார்கள். 7,020 நோயாளிகள். 2015-இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடம் இதய, ரத்தநாள நோயால் வரும் இறப்பு 38 சதவீதம் குறைந்திருந்தது! சிறுநீரகம் கெடும் வேகமும் தணிந்திருந்தது. 2019-இல், இதே வகையைச் சேர்ந்த டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரையை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த டாப்பா ஹெச்எஃப் ஆய்வு வந்தது. சர்க்கரை நோயே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இந்த வகை மருந்து உதவியது.

எனக்கு இதில் சலிக்கவே சலிக்காத இடம் சிறுநீரகம். இந்த மருந்து சர்க்கரையோடு உப்பையும் சிறுநீரில் போகவிடுகிறது. உப்பு கூடுதலாக வருவதை உணர்ந்ததும் வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய் சற்றுச் சுருங்குகிறது, உள்ளே அழுத்தம் இறங்குகிறது, வடிகட்டியின் சுமை குறைகிறது. அதனால்தான் முதல் சில வாரங்களில் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவின் ரத்த அளவு, லேசாக ஏறும். அதைப் பார்த்து நோயாளிகள் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. சர்க்கரை நோய் இருந்தால் கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் போதாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். எளிய சோதனைதான். எழுதித் தரவில்லை என்றால், சரி, நீங்களே கேட்டு வாங்குங்கள்.