அப்பாவின் லப்டொப்பில் லினக்ஸ்: பாமினி எழுத்துருவை மறந்த கதை

2025 ஒக்ரோபர் தொடக்கத்தில் அப்பாவின் லப்டொப் திரையில் ஒரு அறிவித்தல் வந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு அந்த மாதம் 14ஆம் திகதியோடு முடிகிறதாம். அப்பா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு அறுபதில பென்ஷன் தந்தவங்கள். இதுக்கு ஒன்பது வயசிலயே பென்ஷனோ, பிள்ளை?"

விண்டோஸ் 11 போடலாமா என்று பார்த்தேன். அதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலி வேண்டும். அப்பாவினுடையது ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். இன்னுமொரு வருடத்துக்குப் பாதுகாப்பு இற்றைகள் வாங்க மைக்ரோசொப்ட் ஒரு வழி வைத்திருந்தது. ஆனால் அடுத்த ஒக்ரோபரில் இதே கேள்வி திரும்பி வரும். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் புது லப்டொப்பின் விலையைக் கேட்டேன். கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போடச் சொன்னது பெரியம்மாவின் மகன். தம்பி முறை, கணினிதான் படிக்கிறான். நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள். எக்செல்லுக்கு அப்பால் எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவிடம் சொன்னபோது முதலில் கேட்டது, "காசு எவ்வளவு?" சும்மா என்றேன். "சும்மா ஆர் செய்து தாறது?" என்றார். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பல்கலைக்கழக மாணவர் இதன் கருவை எழுதத் தொடங்கியதையும், பிறகு உலகம் முழுக்க இருந்து ஆட்கள் சேர்ந்து எழுதியதையும் தெரிந்த அளவில் சொன்னேன். அப்பா அந்த வருடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். "தொண்ணூற்றொண்டில எங்களுக்குக் கரண்டே இல்லை. ஜாம் போத்தல் விளக்கில விடைத்தாள் திருத்தினனான்." அத்தோடு சம்மதம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

லினக்ஸில் பல வகை உண்டு. தம்பி தெரிவு செய்தது லினக்ஸ் மின்ட் 22.2, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்டில் மூன்று திரை முகப்புகள் உண்டு: சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. 4 ஜிபி ராமுக்குக் கடைசிதான் பாரம் குறைந்தது என்றான். உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடியில் வைத்துச் செய்தது, 2029 வரை இற்றைகள் வரும். கோப்பு மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இரவு டேற்றாவில் இறக்கினேன்.

காலையில் அவனிடமிருந்து ஒரே ஒரு வட்ஸ்அப்: "அக்கா, ஹாஷ் பாத்தனீங்களோ?" பார்க்கவில்லை. இறக்கிய கோப்பு வழியில் சிதையாமல் வந்ததா என்று சோதிக்கிற நீண்ட எண் அது. மின்டின் தளத்தில் போட்டிருக்கிற எண்ணும் நம் கோப்பிலிருந்து கணிக்கிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்குப் பொருந்தவில்லை. இரண்டாம் இரவும் இறக்கினேன். பொருந்தியது. இதை விட்டுவிட்டுப் போயிருந்தால் நிறுவும்போது பாதியில் நின்று, பழியை லினக்ஸின் தலையில் போட்டிருப்பேன்.

பென் டிரைவில் ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் எழுதினேன். லப்டொப்பை அணைத்துப் போட்டு எஃப்12ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். (எல்லா லப்டொப்பிலும் எஃப்12 இல்லை, எஃப்2, எஃப்9, எஸ்கேப் என்று ஆளுக்கொன்று.) மூன்றாம் தடவைதான் கை சரியான நேரத்தில் விழுந்தது.

மின்டில் எனக்குப் பிடித்த விடயம், நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினேன். சத்தம் வந்தது, திரை வெளிச்சம் கூடிக் குறைந்தது. வைஃபை மட்டும் இல்லவே இல்லை. பட்டியலில் பெயர்கூட வரவில்லை. என் போனை யூஎஸ்பி வயரில் கொழுவி, போனின் இணையத்தைப் பகிர்ந்துகொடுத்தேன். உடனே இணைந்தது. நிறுவி முடிந்த பிறகு 'டிரைவர் மனேஜர்' என்ற செயலியைத் திறந்தபோது அதுவே வைஃபையை இயக்குகிற டிரைவர் என்ற மென்பொருளைக் காட்டி, போடட்டுமா என்று கேட்டது. இந்த வயர் வித்தை தெரியாவிட்டால் டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று சுற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

இதற்கிடையில் பற்றரிப் பிரச்சினை. அப்பாவின் லப்டொப் பற்றரி செத்து வருடக்கணக்கு. வயரைக் கழற்றினால் அந்த நொடியே அணையும். நிறுவும் நடுவில் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று தம்பியிடம் கேட்டேன். "போகாது அக்கா" என்றான். அதே வருடம் பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதென்று அமைச்சர் சொல்ல, நாடு முழுக்க இருண்டு கிடந்த கதை அவனுக்கு மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமியிடம் யூபிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். கரண்ட் போகவில்லைதான். ஆனாலும் அந்த இருபத்தைந்து நிமிடமும் மனம் நிம்மதியாக இருந்தது.

நிறுவுவதற்கு முன்பே எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி எடுத்திருந்தேன். அப்பாவிடம் மூன்று அடைவுகள்: 'வினாத்தாள்', 'கோயில்', 'கல்வெட்டு'. மூன்றாவதுதான் பெரிது. எங்கள் ஊரில் ஒருவர் காலமானால் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவு நூலுக்கு வாழ்க்கை வரலாறும் வெண்பாவும் எழுத அப்பாவிடம்தான் வருவார்கள். இருபது வருடத்து மனிதர்கள் அந்த அடைவில் இருக்கிறார்கள். படங்கள், பிரவுசர் குறிப்புகள், கடவுச்சொல் எழுதிவைத்த கோப்பு எல்லாம் எடுத்தேன். ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றாகச் சரி போட்டேன். கணக்குப் பிள்ளையின் பழக்கம்.

"உதை அழிச்சால் என்ர கல்வெட்டெல்லாம் போயிடாதோ?" என்று அப்பா கேட்டார். "எல்லாம் எடுத்திட்டன் அப்பா" என்றேன். இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு லினக்ஸையும் சேர்த்து நிறுவலாம். தம்பியே அதைத்தான் சொன்னான். நான்தான், இரண்டு இருந்தால் அப்பா குழம்புவார் என்று 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவு' என்பதைத் தெரிவு செய்தேன். அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. மொழி, விசைப்பலகை, உலக வரைபடத்தில் கொழும்பு நேரம், பயனர் பெயர், கடவுச்சொல்.

நேரத்தைத் தெரிவு செய்யும்போது அப்பா பக்கத்தில் நின்று, "பழைய நேரமோ, புது நேரமோ?" என்று சிரித்தார். 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, அதே வருடம் அரை மணித்தியாலம் திரும்ப இழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தது. வன்னியில் அந்தப் பத்து வருடமும் பழைய நேரம். ஒரு கலியாண அழைப்பிதழில் இரண்டு நேரமும் போட்ட காலம்.

திரும்பத் தொடங்கியதும் பச்சைச் சின்னத்தோடு புது முகப்பு வந்தது. வேகம் முன்னையதைவிடக் கூட என்பது அப்பாவுக்கே தெரிந்தது. பிரின்டர் வயரைக் கொழுவியவுடன் அதுவாகவே அடையாளம் கண்டது. நல்ல உசாரோடு கோப்புகளைத் திரும்பப் போட்டு, லிப்ரே ஒபிஸ் என்ற ஆவண மென்பொருளில் ஒரு கல்வெட்டைத் திறந்து காட்டினேன்.

பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்.

"என்ன பிள்ளை இது, மந்திரமோ?"

அப்பா தட்டச்சு செய்வது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் (ஃபொன்ட்). அது எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அமைந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் கதிரைகளில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ். அது இல்லாவிட்டால் கதிரையின் சொந்தக்காரர் எழும்பி வருவார். மெய்யெழுத்துப் புள்ளி இருக்கிற இடம் அரைப்புள்ளி. தமிழில் புள்ளிக்குக் குறைவா? தெரிந்தும், எழுத்துருக் கோப்பை எடுத்துவைக்க என் தாளில் எழுதவில்லை. அது அப்பாவின் அடைவில் இல்லை, விண்டோஸின் சொந்த எழுத்துரு அடைவில் இருந்தது. அதைத்தான் நான் முழுதாக அழித்திருந்தேன். லிப்ரே ஒபிஸில் எழுத்துருப் பெட்டியில் பாமினியின் பெயர் சாய்ந்த எழுத்தில் நின்றது. இல்லாத எழுத்துருவை அது அப்படித்தான் காட்டும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய்ச் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டார். மழை பெய்து ஓய்ந்த நேரம் அது.

கல்வெட்டு அடிக்கிற அச்சகத்துக்குப் போன் எடுத்தேன். அங்கே பக்கம் வடிவமைக்கிறவருக்கு இது புதினமில்லை. "பாமினிதானே அக்கா, நில்லுங்கோ" என்று இரண்டு நிமிடத்தில் எழுத்துருவை வட்ஸ்அப்பில் அனுப்பினார். லப்டொப்பில் அப்பாவின் 'ஹோம்' அடைவில் புள்ளியோடு தொடங்கும் 'ஃபொன்ட்ஸ்' என்ற மறைந்த அடைவொன்றை உருவாக்கி, உள்ளே போட்டு, லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தேன். தமிழ் வந்துவிட்டது. இரண்டு மூன்று கோப்பில் பக்கம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அப்பா திரும்பி வந்து ஒரு வெண்பாவை வாசித்துப் பார்த்தார். தளை தட்டவில்லை போலும்.

அத்தோடு முடிந்ததென்று நினைத்தேன். அடுத்த கிழமை அப்பா புதிதாக ஒரு கல்வெட்டுத் தட்டச்சு செய்தார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"பிள்ளை, இது என்ர 'அன்னாரை' 'ஆன்னார்' எண்டு மாத்துது!"

உண்மைதான். வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றுகிற தானியங்கித் திருத்தம் அது. ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு செய்கிறது. பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. சின்ன கே ம, பெரிய கே மு. அதனால் வசனத் தொடக்கத்து 'மகள்' எல்லாம் 'முகள்' ஆகியிருந்தது. கல்வெட்டில் பாதி வசனம் அன்னாரில்தானே தொடங்கும்! கருவிகள் பட்டியலில் தானியங்கித் திருத்தத்தின் அந்த அடையாளத்தை எடுத்துவிட்டேன். கூடவே எழுத்துப்பிழைச் சோதனையையும் நிறுத்தினேன். இல்லாவிட்டால் சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு. விண்டோஸிலும் இதே தொல்லை இருந்திருக்க வேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ நிறுத்திவைத்திருக்கிறார்.

யூனிகோடில் தட்டச்சு செய்யலாமே என்று கேட்பீர்கள். மின்டில் தமிழ்99, ஒலிப்பு முறை, இலங்கைத் தரமான ரெங்கநாதன் தட்டமைப்பு எல்லாம் போட முடிந்தது. பாமினித் தட்டமைப்பை நான் பார்த்த பட்டியலில் காணவில்லை. எழுபதை நெருங்குகிறவரின் விரல்களை இப்போது போய் மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. அச்சகமும் பாமினியில்தான் கேட்கிறது. ஆகவே அப்பா பாமினியில் அடிக்கிறார். பழைய கல்வெட்டுகளை நான் இரவில் ஒன்றிரண்டாகப் பொங்குதமிழ் என்ற எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவருகிறேன். எழுத்துருக் கோப்பு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று என் மின்னஞ்சலில்.

மாற்றியில் ஒரு சிக்கல்: நடுவில் ஆங்கிலத்தில் இருக்கிற முகவரியையும் அது தமிழென்று நினைத்து மாற்றிவிடும். போன கிழமை மாற்றிய ஒன்றை அப்பாவிடம் சரிபார்க்கக் கொடுத்தேன். பேரப்பிள்ளைகளின் பட்டியலுக்கு வந்ததும் நிறுத்தினார்.

"மூத்தவர் வுழசழவெழவில இருக்கிறார் எண்டு கிடக்கு. அது எந்த நாடு, பிள்ளை?"

டொரன்டோ.