பின்னறைக் குறிப்புகள் – செப்டம்பர் 2024

14 செப்டம்பர், சனி

அம்மை முகத்துக்கும் வந்துவிட்டது. அம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

15 செப்டம்பர், ஞாயிறு

பின்னறையில் நான், வேப்பிலை, மடிக்கணினி, அண்ணா போன தடவை வந்தபோது விட்டுப்போன ஹார்ட் டிஸ்க். அதற்குள் உளவுப் படங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு குடும்பப் படம் இல்லை, ஒரு வடிவேலு இல்லை. டொரன்டோவில் குளிருக்குள் இருந்துகொண்டு எதற்காக இத்தனை சதியைச் சேர்த்துவைத்தாரோ தெரியாது. சரி, சொறியாமல் இருக்கக் கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்று ஜேம்ஸ்பாண்டில் தொடங்கினேன். டானியல் கிரெய்க் ஓடுகிறார், பாய்கிறார், சுவரை இடித்துக்கொண்டு போகிறார். நாடு விட்டு நாடு போகிறவருக்கு எந்த இடத்திலும் கிராம சேவையாளரான விதானையாரின் கடிதம் தேவைப்படவில்லை. பாதியில் நித்திரையாகிவிட்டேன்.

வெளியே, காரைநகர் வலந்தலைப் பக்கமாக, தேர்தல் ஒலிபெருக்கி. யாருடைய கட்சி என்று விளங்கவில்லை, பாட்டு மட்டும் கேட்டது.

16 செப்டம்பர், திங்கள்

அப்பா வாசலுக்கு வெளியே கதிரை போட்டு இருந்து பேசுகிறார். அவருக்கு ஏற்கெனவே வந்த வருத்தம்தான், திரும்ப வராது, ஆனாலும் அம்மா உள்ளே விடுவதில்லை. நான் என்ன பார்க்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். “அதெல்லாம் என்ன, ஜெய்சங்கரைப் பாத்திருக்கிறியோ நீ?” என்று தொடங்கிவிட்டார். வல்லவன் ஒருவன், 1966, மொடேர்ன் தியேட்டர்ஸ். இங்கிருந்து பொன்னாலைப் பாலத்தால் சைக்கிள் மிதித்து யாழ்ப்பாணம் போய், படம் பார்த்து, இருட்டுக்குள் திரும்பி வந்து அடி வாங்கிய கதை. தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று அவரைச் சொல்லுவார்களாம். அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்து கனகாலம்.

காய்ச்சல் குறைவு. கடி கூட.

17 செப்டம்பர், செவ்வாய், போயா

டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை. 2011. இதுதான் படம்.

கேரி ஓல்ட்மேன் தொடக்கத்தில் வெகுநேரம் வாயே திறக்கமாட்டார். வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள், புதுக் கண்ணாடி ஒன்று வாங்குகிறார், நீந்துகிறார், வீட்டுக்கு வருகிறார், பேச்சே இல்லை. வாசலால் எட்டிப் பார்த்த அப்பா “உவன் எங்கட கந்தோரில இருந்த சீஃப் கிளாக்கைப் போல இருக்கிறான்” என்றார். மிகச் சரி. கதையை எழுதிய ஜான் லெ காரே பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையிலும் வெளிநாட்டு உளவுத்துறையிலும் வேலை பார்த்தவர். அதனால்தான் அவருடைய ஆட்கள் துவக்கைத் தூக்கிக்கொண்டு திரிவதில்லை, கோப்பைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். பீட்டர் கில்லம் ஆவண அறையிலிருந்து ஒரு பதிவேட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வருகிற இடம் இருக்கிறதே, ஒரு குண்டும் வெடிக்கவில்லை, எனக்கு வேர்த்துவிட்டது. வேர்த்தால் கொப்புளம் எரியும்.

ஒரு பதிவேடு. அவ்வளவுதான் வேண்டும், ஒரு மனிதனை முடிக்க.

18 செப்டம்பர், புதன்

இன்று நள்ளிரவோடு ஜனாதிபதித் தேர்தல் பிரசாரம் முடிகிறது. கடைசி நாள் என்பதால் காலையிலிருந்து ஒரே இரைச்சல். சின்னங்களைப் பாருங்கள்: சஜித்துக்குத் தொலைபேசி, அநுரவுக்குத் திசைகாட்டி, ரணிலுக்கு எரிவாயு சிலிண்டர். பாண்ட் பயணம் புறப்பட முன்னம் அந்தக் கிழவர் மேசையில் பரப்பிவைத்துக் கொடுக்கிற சாமான்கள்தான். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குச் சங்கு. அதை மட்டும் எந்தப் படத்திலும் காணவில்லை.

அண்ணா எடுத்தார். “அநுர வருவான் போல கிடக்கு, என்ன?” என்றார். 2019 இல் 3.16 சதவீதம் எடுத்த மனுசன். நான் “வந்தால் வரட்டும்” என்றேன். போனில் இதற்கு மேல் பேசுவதில்லை, அது பழக்கம்.

19 செப்டம்பர், வியாழன்

உள்ளங்காலிலும் வந்திருக்கிறது. உள்ளங்காலில்!

20 செப்டம்பர், வெள்ளி

நேற்றிரவு தி லைவ்ஸ் ஆஃப் அதர்ஸ். இதைப் பற்றி எழுதாமல் தூங்க ஏலாது.

1984, கிழக்கு பெர்லின். முதல் காட்சியில் ஒருவனை மணிக்கணக்காகக் கதிரையில் இருத்திவைத்து விசாரிக்கிறார்கள். அவன் எழும்பிப் போனதும் கதிரையின் மேல் விரித்திருந்த துணியைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் போட்டு மூடுகிறார்கள். நாய்க்கு மணம் காட்டுவதற்கு. பிறகு நாடகாசிரியன் ஒருவனின் வீட்டுச் சுவருக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்கப் போகிறார்கள், முன்வீட்டுப் பெண் கதவின் துவாரத்தால் பார்த்துவிடுகிறாள். அதிகாரி அவளுடைய கதவைத் தட்டி ஒரே ஒரு வசனம்தான் சொல்கிறான்: வாய் திறந்தால் மகளுக்கு மருத்துவப் படிப்பு இல்லை. சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை.

அந்தப் பெண்ணின் முகத்தில் நிறுத்திவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவரும் மரியாதையானவர்தான். படலையில் நின்று முதலில் “நாய் கடிக்குமா?” என்று கேட்பார். ஒவ்வொரு தடவையும் கேட்பார், ஜிம்மி ஒவ்வொரு தடவையும் வாலை ஆட்டும். நல்ல தமிழ். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஏறுவார். தேத்தண்ணி குடிப்பார். அண்ணாவின் நம்பர் அதே நம்பரா, நான் எந்தெந்தக் கூட்டத்துக்குப் போனேன், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமாரோடு அன்றைக்கு ஏன் போய் இருந்தேன், பக்கத்தில் இருந்தது யார். தான் யார் என்று இன்றுவரை சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. போகும்போது அம்மாவிடம் “வாறன் அம்மா” என்று சொல்லிவிட்டுப் போவார். அம்மாவும் “ஓம் தம்பி” என்பார். அவர் போனபிறகு அம்மா அந்தக் கோப்பையை மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல் தனியாகக் கழுவுவார்.

உளவுப் படங்களில் எனக்குப் பொறுக்காத விசயம் இதுதான். வேவு பார்க்கப்படுகிறவன் எப்போதும் பெரிய ஆளாக இருக்கிறான், விஞ்ஞானி, தூதர், நாடகாசிரியன். வேவு பார்க்கிறவனுக்கும் ஒரு மனச்சாட்சிப் போராட்டம் இருக்கிறது. இங்கே சங்கக்கடையில் மா வாங்குகிற ஒருத்தியைப் பற்றி ஒருவர் எழுதிக்கொண்டு போகிறார். அவருக்குப் போராட்டம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. சம்பளம் இருக்கும்.

வாக்காளர் அட்டை தலையணைக்குக் கீழே கிடக்கிறது. நாளைக்குப் போகக்கூடாதாம். பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிடும் என்கிறார் அம்மா. நியாயம்தான். ஆனாலும் ஆத்திரம்.

21 செப்டம்பர், சனி

அம்மாவும் அப்பாவும் வெள்ளனவே போய்விட்டு வந்தார்கள். வாக்குச்சீட்டு ஒன்றரை முழம் இருக்குமாம், மடிக்கத் தெரியாமல் ஒரு ஆச்சி பெட்டிக்கு முன்னால் நின்று திண்டாடினாவாம். களத்தில் 38 பேர், அதில் ஒரு பெண்கூட இல்லை. யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். அப்பா சிரித்தார். அம்மா “அதைக் கேக்கிறதில்லை பிள்ளை” என்றார். ஒரே வீட்டுக்குள்!

இரவு பத்து மணியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அமைதியாக நடந்த தேர்தலுக்கு எதற்கு ஊரடங்கு என்று கேட்டால் அப்பாவுக்கு 1971 ஞாபகம் வருகிறது. நான் எப்படியும் அடங்கித்தான் கிடக்கிறேன், இன்றைக்கு எல்லோரும் எனக்குத் துணை.

22 செப்டம்பர், ஞாயிறு

ஊரடங்கை மத்தியானம் வரை நீட்டிவிட்டார்கள். படம் ஒன்றும் போடவில்லை, நாள் முழுக்க வானொலிதான். ஒருவருக்கும் ஐம்பது சதவீதம் வரவில்லை, அநுரவுக்கு 42.31. அதனால் இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணுகிறார்கள். 1982 இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்ததிலிருந்து இப்படி ஒரு நிலை வந்ததே இல்லை. அப்பா காகிதத்தில் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அறிவித்தார்கள். அநுர குமார திசாநாயக்க, 57 இலட்சத்து 40 ஆயிரத்துச் சொச்சம்.

யாழ் மாவட்டத்தில் அவருக்கு 27,086 வாக்கு, 7.29 சதவீதம். சஜித் முதல், சங்கு இரண்டாவது. கொழும்பில் வெடி கொளுத்தியிருப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் ஜிம்மி குரைத்தது, அதுவும் வேறு விசயத்துக்கு.

அப்பா சொன்ன கதை: 1971 ஏப்ரலில் அநுரவின் கட்சியான ஜே.வி.பி. கிளர்ச்சி செய்தபோது அதன் தலைவர் ரோகண விஜயவீர தெற்கிலேயே இல்லை. மார்ச்சிலேயே பிடித்து யாழ்ப்பாணச் சிறையில் போட்டுவிட்டார்கள். அவரை மீட்க வந்த பெடியள் யாழ்ப்பாணத்தில் கோட்டை விட்டார்கள். பிறகு இங்கே, எங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிற கடற்கோட்டையிலும் அவரை வைத்திருந்தார்களாம். ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை, சுற்றிவரக் கடல். இப்போது அது கடற்படை நடத்துகிற ஹோட்டல், வெள்ளைக்காரர் படகில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். இதைப் படமாக எடுத்தால் நம்பமாட்டார்கள்.

23 செப்டம்பர், திங்கள்

பதவியேற்றுவிட்டார். தான் மந்திரவாதி இல்லை என்று பேசினார். நல்லது. மந்திரவாதிகள் கொஞ்சப் பேரைப் பார்த்தாயிற்று.

எனக்கு ஒரே ஒரு யோசனைதான், காலையிலிருந்து அதே யோசனை. இந்த மனிதரின் கட்சியைத் தடை செய்தார்கள், இரண்டு தடவை அடித்து நொறுக்கினார்கள். 1989 நவம்பரில் தலைவரைப் பிடித்துக் கொன்றார்கள். இவர் 1987 இல் கட்சியில் சேர்ந்தவர். என்றால் அந்த வருசங்களில் இவரைப் பற்றியும் ஒரு கோப்பு இருந்திருக்கத்தானே வேண்டும்? எங்கே படுத்தான், யாரோடு போனான், எந்தச் சந்தியில் தேத்தண்ணி குடித்தான் என்று யாரோ ஒருவர் எழுதியிருக்கத்தானே வேண்டும்? இன்றைக்கு அந்த அலுமாரியின் திறப்பு இவருடைய கையில். முதல் வேலையாகத் தன்னுடையதை எடுத்து வாசிப்பாரா? நானென்றால் வாசிப்பேன். வாசித்துவிட்டு மற்றவர்களுடையதை என்ன செய்வேன் என்பதுதான் தெரியவில்லை.

கிழக்கு ஜெர்மனியில் 1990 ஜனவரியில் சனங்கள் ஸ்டாசி என்ற உளவுத்துறையின் தலைமையகத்துக்குள் புகுந்தார்கள். இரண்டு வருசத்தில் அவரவர் கோப்பை அவரவர் போய்ப் பார்க்கலாம் என்றாகிவிட்டது. படத்தின் கடைசியிலும் அந்த நாடகாசிரியன் வாசிகசாலை மாதிரி ஓரிடத்தில் இருந்து தன்னுடைய கோப்பை வாசிக்கிறான், தள்ளுவண்டியில் வருகிறது. ஆனால் அங்கே அரசே கவிழ்ந்துபோனது. இங்கே நடந்தது தேர்தல், அலுமாரி அதே இடத்தில் அப்படியே நிற்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று விஞ்ஞாபனத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம், எனக்கு மூத்தது.

இதே கட்சிதான் இணைந்திருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்க வழக்குப் போட்டது, 2006 இல் வென்றது. அதையும் அப்பா மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. இருந்தாலும் பதவியேற்பைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது மனதுக்குள் ஏதோ லேசாகத்தான் இருந்தது. காய்ச்சல் விட்டதாலும் இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிற நம்மாளுடைய தொலைபேசி அழைப்பு தேர்தலுக்கு முன்னம் வந்திருக்கவேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். இந்தத் தடவை வரவில்லை.

24 செப்டம்பர், செவ்வாய்

ஹரிணி அமரசூரிய பிரதமர். பாராளுமன்றம் கலைகிறது, நவம்பர் 14 இல் அடுத்த தேர்தல். அதற்கிடையில் இந்த வடு மாறுமா?

26 செப்டம்பர், வியாழன்

முதல் தண்ணி வார்த்தாயிற்று. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட வெந்நீர், அம்மா செம்பு செம்பாக ஊற்ற ஊற்ற, கோயில் சிலையைப் போல நின்றேன்.

மெட்ராஸ் கஃபே பார்த்தேன், 2013. தமிழ்நாட்டில் ஓடவிடவில்லை. இயக்கத்தின் பெயரை மாற்றி, தலைவரின் பெயரை மாற்றி எடுத்திருக்கிறார்கள், யாழ்ப்பாணத்தை மட்டும் யாழ்ப்பாணம் என்றே விட்டிருக்கிறார்கள். இந்திய உளவாளியாக வருகிற ஜான் ஆபிரகாம் முழுநேரமும் களைத்துப்போய் இருக்கிறார். மற்றவனின் ஊரில் வேலை செய்கிற களைப்பு. இங்கே வேலை செய்யப்பட்டவர்களின் களைப்பு அந்தக் கமெராவுக்குத் தெரியவில்லை. அண்ணாவுக்குத் தகவல் அனுப்பினேன், ஏன் இதை வைத்திருக்கிறீர்கள் என்று. “ஊர் வருமெண்டு பாத்தனான், வரேல்லை” என்று பதில் போட்டிருந்தார்.

அப்பாவுக்கு ஜெய்சங்கர் படம் தேடவேண்டும்.

27 செப்டம்பர், வெள்ளி

தொலைபேசி இன்றும் இல்லை. நிம்மதியாகத்தானே இருக்கவேண்டும், ஆனால் ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது பார்க்கிறேன். ஆளை மாற்றிவிட்டார்களா, பழக்கத்தையே மாற்றிவிட்டார்களா, அல்லது மேலே எல்லோரும் புதுத் துரையின் மனம் அறியும்வரை கை கட்டி இருக்கிறார்களா? அம்மாவிடம் சொன்னேன். “வராட்டி நல்லதுதானே, ஏன் நீயே கூப்பிடுறாய்” என்று ஏசிவிட்டார்.

28 செப்டம்பர், சனி

வந்தது. புது நம்பர், அதே குரல்.

“தங்கச்சி, வருத்தம் எப்பிடி? சுகமோ?”

நான் சொன்னதில்லை. யார் சொன்னார்கள் என்று கேட்கவும் இல்லை, அம்மா சங்கக்கடையில் சொல்லியிருப்பார், ஊர் முழுக்கத் தெரியும். சுகம் என்றேன். ஜிம்மி எப்படி என்றார். அப்புறம், புது ஜனாதிபதியைப் பற்றி உங்கட பக்கத்தில் என்ன கதைக்கினம் என்று கேட்டார். சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டார். ஆனால் பின்னால் பேனாவோ, தட்டெழுத்தோ, ஏதோ சத்தம். அவருடைய கோப்பைத் திறந்து பார்க்கக்கூடிய மனிதரைப் பற்றி என்னுடைய கோப்பில் எழுதப்போகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி அடக்கினேன்.

“நான் வெளியில போகேல்லை, எனக்கொண்டும் தெரியாது. வோட்டும் போடேல்லை” என்றேன்.

“அது தெரியும்” என்றார். “அம்மா எதுக்குப் போட்டவ?”