வெட்டிரட்டுங்களா மேடம்?

அவன் கேட்டது அனுமதியா, ஆட்சேபணையா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. "வெட்டிரட்டுங்களா மேடம்?" அனாடமி டிசெக்‌ஷன் ஹாலில் அவன் முதல் வருட மருத்துவ மாணவன், நான் அவனுடைய ஆசிரியை. அவன் கையில் கத்தரிக்கோல் இருந்தது. அதற்கு முன்பே ஒருமுறை சொல்லியிருந்தான்: "பின்னாடி ஏதோ ட்யூபாட்ட இருக்குதுங்க மேடம்."

எட்டிப் பார்த்தேன். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் வெயினுக்குப் பின்னால், வலது ஓரமாகக் கல்லீரலை நோக்கி ஏறும் பழுப்பு இழை. "அங்க ஆர்ட்டரி எதுவும் வராது. நரம்புப் பின்னலா இருக்கும். க்ளீன் பண்ணிட்டு போர்ட்டல் வெயினைக் காட்டு."

வெட்டினான். ஃபார்மலினில் ஊறிய உடல், ரத்தம் வராது. வெட்டுவாயில் வட்டமாக ஒரு துளை தெரிந்தது: நரம்பில்லை, ஆர்ட்டரி. அவன் எதுவும் பேசவில்லை. ஃபோர்செப்ஸால் அந்த முனையைப் பிடித்து என் பக்கம் திருப்பினான், அவ்வளவுதான்.

என் பக்கமும் நியாயம் உண்டு. ஃபார்மலின் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும். அந்த இடத்தில் நரம்புப் பின்னல் கெட்டியாகத்தான் இருக்கும், தொட்டால் குழாய் போலவே இருக்கும். தேர்வு நெருங்கிவிட்டது, உறுப்பைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஸ்பாட்டர் தேர்வுக்கு போர்ட்டல் வெயின் வேண்டும். முதல் வருடப் பிள்ளைகள் தினமும் எதையாவது வெட்டிவிட்டுத்தான் நிற்பார்கள்.

ஆனால் "அங்க ஆர்ட்டரி எதுவும் வராது" என்றேனே, அது பொய். வரும் என்று எனக்குத் தெரியும். வருடாவருடம் வகுப்பில் சொல்கிறேன். மிஷெல்ஸ் 200 உடல்களை அறுத்துப் பார்த்து 1966-ல் எழுதியதில், கல்லீரல் ஆர்ட்டரி பாடத்தில் உள்ளபடி இருந்தது 55 சதவீதம் பேருக்குத்தான். வழக்கமாக அது பெருநாடியின் கிளையான சீலியாக் ட்ரங்க் வழியாக வரும். 1994-ல் ஹையட் குழு பார்த்த 1000 கல்லீரல்களில் 106-க்கு வலது கிளையோ, கூடுதலாக ஒரு வலது கிளையோ அதற்குக் கீழே குடலுக்குப் போகும் சுப்பீரியர் மெசென்டெரிக் ஆர்ட்டரியிலிருந்து ஏறி வந்திருந்தது. ஏறக்குறைய பத்துக்கு ஒன்று.

இந்தக் கணக்குதான் இப்போது தூக்கத்தைக் கெடுக்கிறது. பத்துக்கு ஒன்று என்றால், இத்தனை வருடத்தில் எங்கள் டேபிள்களில் எத்தனை வந்திருக்க வேண்டும்? நான் கண்ணால் பார்த்தது நாலோ ஐந்தோ. மீதி எங்கே போயின? எல்லாம் "க்ளீன்" ஆகி வாளிக்குப் போயிருக்கும். அப்போதெல்லாம் யாரும் முனையைத் திருப்பிக் காட்டவில்லை.

இரண்டு முனைகளையும் தொடர்ந்து போய்ப் பார்த்தோம். அதேதான், சுப்பீரியர் மெசென்டெரிக்கிலிருந்து ஏறி வரும் வலது கிளை. சீலியாக்கிலிருந்து வந்த கல்லீரல் ஆர்ட்டரி இடப்பக்கம் மட்டும் போயிருந்தது. வலப்பக்கத்துக்கு இருந்த ஒரே வழியைத்தான் வெட்டியிருந்தோம். வெட்டியிருந்தான் என்று எழுத வந்தேன், கை கூசுகிறது.

பிறகு நான் செய்ததுதான் இன்னும் மோசம். முனைகளை நூலால் கட்டி, மற்ற டேபிள்காரர்களையும் கூப்பிட்டு ஒரு பிரமாதமான வகுப்பு எடுத்தேன். கருவில் பெருநாடியிலிருந்து கிளம்பும் அடுத்தடுத்த குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும், எது தங்குகிறது, எது மறைகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றேன். "ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு வழியாவும் போலாம், குப்பனூர் வழியாவும் போலாம். இவருக்கு குப்பனூர் வழி மட்டும்தான். அதை அடைச்சா?" சிரித்தார்கள். கணையத்தின் தலையை எடுக்கும் சர்ஜன் இதைத் தெரியாமல் கட்டிவிட்டால் கல்லீரலின் வலப்பக்கத்துக்கும் பித்தநாளத்துக்கும் ரத்தம் குறையும், குடலோடு சேர்த்துத் தைத்த இடம் கசியலாம், அதனால்தான் சி.டி. ஸ்கேனில் முதலிலேயே தேடுகிறார்கள், பித்தநாளத்துக்குப் பின்னால் விரல் வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள் என்றேன். நல்ல வகுப்புதான், அதில் சந்தேகமில்லை. முனைகளைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான்.

"இதை யாரு மேடம் வெட்டுனா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"டிசெக்‌ஷன்ல சில சமயம் கட் ஆயிடும்" என்றேன்.

தானாக "கட் ஆயிடும்". எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் குனிந்துகொண்டான். என்னை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. அப்படிச் சொல்லித்தான் தேற்றிக்கொள்கிறேன், நம்பிக்கை இல்லை.

இப்போது அவன் எங்கோ சர்ஜரி பி.ஜி. படிப்பதாகக் கேள்வி. அவன் அதை மறந்திருக்கவும் கூடும். மேஜைமேல் கிடந்தவர் தன் உடலைத் தானமாக எழுதிக் கொடுத்தவர். அவரிடம் கற்க வேண்டிய ஒன்றைக் கற்றுக்கொண்டோம் என்று சொன்னாலும் சரிதான், பாழாக்கினோம் என்று சொன்னாலும் சரிதான்.

அதிலிருந்து ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்கிறேன்: எங்கிருந்து வருது, எங்க போகுதுன்னு ரெண்டு முனையும் பாக்காம எதையும் வெட்டாதீங்க.

போன வாரம் கடைசி டேபிளில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், கிட்னிக்கு ரெண்டு ஆர்ட்டரி போற மாதிரி இருக்குங்க." மணி பன்னிரண்டு நாற்பது. ஹாலைப் பூட்ட வேண்டும், அட்டெண்டர் அண்ணன் சாவியோடு வாசலில் நின்றிருந்தார்.

"அப்புறம் பாக்கலாம்மா" என்றேன். வெட்டச் சொல்லவில்லை. இன்னும் போய்ப் பார்க்கவும் இல்லை.