பட்டியல் நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

ஒரு புரதம் செல்லுக்குள் எந்தெந்தப் புரதங்களோடு கூட்டுச் சேர்கிறது என்று தேடும்போது, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மெஷின்) ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான புரதங்களின் பெயரைக் கொட்டியது என்று யாராவது குதித்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். பாம்பன் பக்கம் விசைப்படகு மடியில் இறால் வந்தாலும் கூடவே சங்காயமும் (வேண்டாத குப்பை மீன்) வரும் இல்லையா, இங்கேயும் அதே கதைதான்.

செய்வது இவ்வளவுதான். ஈ.கோலை பாக்டீரியாவில் நமக்கு வேண்டிய மரபணுவின் கடைசியில், குரோமோசோமிலேயே, ஒரு சின்ன டேக்கை (புரதத்தைப் பிடித்து இழுக்க உதவும் கைப்பிடி மாதிரி ஒரு துண்டு) சேர்த்துவிடுகிறோம். பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் சின்ன டிஎன்ஏ வளையம்) வைத்து அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் அந்தப் புரதம் கண்டதோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும், அதனால் செல் வழக்கமாகச் செய்கிற அளவே போதும். அப்புறம் செல்லை உடைத்து, அந்த டேக்கைப் பிடிக்கும் நுண்மணிகளோடு கலந்து, கழுவி, மாட்டியதை டிரிப்சின் என்ற என்சைமால் வெட்டி மெஷினில் ஏற்ற வேண்டும். டிரிப்சின் பெரும்பாலும் லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கும் அடுத்துத்தான் வெட்டும், அதனால் எந்தப் புரதம் என்னென்ன எடையில் துண்டாகும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்து ஒப்பிடலாம்.

டிஎன்ஏவைப் படித்து ஆர்என்ஏ எழுதும் ஆர்என்ஏ பாலிமரேஸ் என்சைமின் பீட்டா என்ற பாகத்தில் டேக் வைத்தால் பீட்டா பிரைம், ஆல்ஃபா, ஒமேகா, சிக்மா என்ற மற்றப் பாகங்கள் எல்லாம் வரும், அதோடு சேர்ந்து வேலை செய்யும் நஸ்ஏகூட வரும். சரி, கூடவே குரோஇஎல், இஎஃப்-டியு என்ற புரதங்களும் ரைபோசோம் புரதங்களும் வந்து நிற்கும். இவை கூட்டாளிகள் என்று நம்பிவிடாதீர்கள், செல்லுக்குள் கொட்டிக் கிடப்பதால் எதை இழுத்தாலும் வருகிறவை. டேக் இல்லாத ஸ்ட்ரெயினையும் (பாக்டீரியா வகையையும்) அதே நாளில், அதே பஃபர் கரைசலில் ஓட்டிப் பார்க்காத பட்டியலை நான் படிப்பதே இல்லை.

உப்பைக் கூட்டிக் கழுவினால் குப்பை போகும், ஆனால் லேசாகப் பிடித்திருந்த நிஜக் கூட்டாளியும் போய்விடும். இந்த இழுபறிக்குத்தான் 1999-இல் ஈஸ்டுக்காக இரட்டை டேக் முறை வந்தது: முதலில் ஒரு பிடி, பிறகு டிஇவி என்சைமால் மெதுவாக வெட்டி விடுவித்து இன்னொரு பிடி. 2005-இல் டொராண்டோ குழு அதே மாதிரி இரட்டை டேக்கை ஈ.கோலையில் பெரிய அளவில் செய்து காட்டியது.

மண்டபம் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் மாமா, "இதுல எனக்கு என்னடா லாபம்?" என்று கேட்டார். இறாலைச் சாகடிக்கும் ஒருவகை விப்ரியோ பாக்டீரியாவில் பிர்ஏ, பிர்பி என்று இரண்டு நச்சுப் புரதங்கள் கூட்டுச் சேருகின்றன மாமா என்றதும்தான் காது கொடுத்தார்.

உங்கள் பட்டியலில் புதுப் பெயர் ஒன்று இருந்தால் டேக்கை அதன் மேல் மாற்றி வைத்து மறுபடி இழுங்கள், பழைய ஆள் திரும்பி வருகிறானா பாருங்கள். அதற்குப் பிறகு பேப்பர் எழுதலாம்.